உச்ச வேகத்தை வளர்ப்பது எப்படி? ஸ்பிரிண்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு முதல் 12 வாரங்கள்

நம்மூர் மைதானங்களில் ஸ்பிரிண்ட் பயிற்சி பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். முதலில் நாலு ரவுண்டு. அப்புறம் பத்து முறை நூறு மீட்டர். ஓடிய தூரத்தை நடந்து திரும்பி வருவதுதான் ஓய்வு. முடிவில் பனியனைப் பிழியலாம், அவ்வளவு வியர்வை. ஆனால் அந்தப் பத்தில் ஒன்றைக்கூட முழு வேகத்தில் ஓடியிருக்க மாட்டீர்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே உடம்பு மீதி ஏழுக்குச் சக்தியைச் சேமிக்கத் தொடங்கியிருக்கும். இப்படி ஓடினால் மூச்சு பழகும், வேகம் கூடாது.

உச்ச வேகத்துக்கான பயிற்சியில் ஓடுவது குறைவு, உட்கார்ந்திருப்பது அதிகம். ஒன்றேகால் மணி நேரம் மைதானத்தில் இருந்துவிட்டு மொத்தமே 150, 200 மீட்டர்தான் வேகமாக ஓடியிருப்பீர்கள். பார்க்கிறவர்கள் சோம்பேறி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஸ்டார்ட் எடுப்பது, பிளாக் வைப்பது, பேட்டன் மாற்றுவது எதுவும் இங்கே வராது. நிமிர்ந்து முழு வேகத்தில் ஓடும் அந்தச் சில விநாடிகளை எப்படிக் கூட்டுவது என்பது மட்டுமே விஷயம்.

உச்ச வேகம் எங்கே வருகிறது

2009 ஆகஸ்ட் 16 அன்று பெர்லினில் உசைன் போல்ட் 9.58 விநாடியில் நூறு மீட்டர் ஓடினார். அதை 20 மீட்டர் துண்டுகளாக அளந்திருக்கிறார்கள். முதல் 20 மீட்டர், துப்பாக்கிச் சத்தத்துக்கு அசைய எடுத்த நேரமும் சேர்த்து, 2.89 விநாடி. அடுத்த 20 மீட்டர் 1.75. மூன்றாவது 1.67. அறுபதிலிருந்து எண்பது வரை 1.61. கடைசி இருபது 1.66.

1.61 விநாடியில் 20 மீட்டர் என்றால் மணிக்கு 44.7 கிலோமீட்டர். அந்த வேகம் போல்ட்டுக்கே அறுபது மீட்டர் தாண்டித்தான் வந்தது என்பதைக் கவனியுங்கள். கடைசி இருபதில் அவருக்கும் வேகம் இறங்கியது. டிவியில் பார்க்கும்போது கடைசியில் அவர் பாய்ந்து விலகிப் போவதுபோலத் தெரியும். உண்மையில் எல்லோருக்கும் வேகம் இறங்குகிறது, அவருக்குக் குறைவாக இறங்குகிறது.

புதிதாக ஓட வருகிறவருக்கு முப்பது, நாற்பது மீட்டரிலேயே உச்சம் வந்துவிடும். அதற்குப் பிறகு இறக்கம்தான். அந்த உச்சத்தை மேலே தூக்கினால் 200, 400 ஓடுகிறவருக்கும் லாபம். விநாடிக்கு 9 மீட்டர் உச்சம் உள்ள ஒருவர் 8 மீட்டர் வேகத்தில் ஓடினால், தன் திறனில் 89 சதவீதத்தைச் செலவழிக்கிறார். உச்சம் 9.5 ஆனால் அதே 8 மீட்டர் 84 சதவீதம்தான். நீளம் தாண்டுகிறவருக்கும் ரன்-அப் வேகம் இதே கணக்கில் உதவும்.

எதனால் வேகம் வருகிறது

'காலை வேகமாக ஆட்டு' என்று கத்தாத பி.டி. மாஸ்டர் இல்லை. 2000-ஆம் ஆண்டில் பீட்டர் வேயண்டும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. தரையை விட்ட காலை மறுபடி முன்னால் கொண்டுவர, வேகமாக ஓடுகிறவரும் மெதுவாக ஓடுகிறவரும் எடுக்கும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றேதான். வேகக்காரர் தரையை அதிக விசையோடு அடிக்கிறார். அதுவும் மிகக் குறைந்த நேரத்துக்குள். உலகத்தர வீரரின் பாதம் உச்ச வேகத்தில் ஒவ்வொரு அடிக்கும் விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூடத் தரையில் இருப்பதில்லை.

அந்தக் குறுகிய நேரத்தில் கணுக்காலும் முட்டியும் மடங்கிக்கொடுத்தால் விசை வீணாகிறது. காற்று நிரம்பிய பந்தைச் சிமெண்ட் தரையில் போட்டால் எகிறும், காற்று இறங்கிய பந்து தொப்பென்று உட்காரும். உங்கள் கணுக்கால் எந்தப் பந்து என்பதுதான் கேள்வி. கீழே வரும் எல்லாப் பயிற்சியும் இதைச் சுற்றித்தான்.

தொடங்குவதற்கு முன்

இதுவரை ஓடியே பழக்கமில்லை என்றால், முதல் ஒரு மாதம் வாரம் மூன்று நாள் புல்தரையில் நிதானமாக ஓடுங்கள். அதன் பிறகு இங்கே வாருங்கள். பின்தொடைத் தசை முன்பு பிடித்தோ கிழிந்தோ இருந்தால் ஒரு பிசியோவைப் பார்த்துவிட்டு வாருங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு இந்தத் திட்டமே வேண்டாம். ஓடிப்பிடித்து விளையாடுவதே அந்த வயதுக்குப் போதுமான உச்ச வேகப் பயிற்சி.

இடம்: சமதளமாக 60 மீட்டர் ஓட்டம், அதன் பிறகு நிற்பதற்கு இன்னும் 30 மீட்டர். சிந்தெடிக் ட்ராக் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கெட்டியான மண் தரையோ சீரான புல்லோ போதும். ஓடும் முன் ஒருமுறை நடந்து பார்த்து, கல், கண்ணாடி, குழி இருக்கிறதா என்று பாருங்கள். கிரிக்கெட் பிட்ச் ஓரத்துப் பள்ளத்தில் கணுக்கால் மடங்கியவர்கள் நிறைய. தார் ரோடும் சிமெண்ட் தரையும் கூடாது.

காலணி: முதல் ஆறு வாரம் சாதாரண ரன்னிங் ஷூ போதும். ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஷூ) போட்டால் கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் சுமை கூடும், அதற்குத் தயாராக அவகாசம் கொடுங்கள். சிந்தெடிக் ட்ராக்கில் ஆணி 9 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டிருக்கக் கூடாது என்பது போட்டி விதி. 6 மில்லிமீட்டரே போதும். மண் தரைக்குக் கொஞ்சம் நீளமான ஆணி.

நேரம்: மாலை நாலரைக்கு மேல்தான் என் வாக்கு. விடியற்காலையில் உடம்பு இறுகிக் கிடக்கும். பள்ளி, வேலை காரணமாகக் காலை ஐந்தரைதான் கிடைக்கும் என்றால் வார்ம்-அப்பைப் பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். கடலோர ஊர்க்காரர்கள் மாலையில் கடல்காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அது முதுகில் படுகிற திசையில் ஓடலாம். எப்போதும் அதே திசையில் ஓடினால்தான் நேரங்களை ஒப்பிட முடியும்.

சாப்பிட்டு இரண்டு, மூன்று மணி நேரம் ஆகியிருக்கட்டும்.

வார்ம்-அப்: 25 நிமிடம், குறையக் கூடாது

ஐந்து நிமிடம் மெல்ல ஓடுங்கள். பிறகு இடுப்பு, கணுக்கால், முதுகு மூன்றையும் அசைவுகளால் தளர்த்துங்கள்: காலை முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் வீசுவது, நடந்துகொண்டே லஞ்ச் (நீளமாக ஓரடி வைத்து, முட்டியை மடக்கி இறங்குவது), கையால் முட்டியை மார்புக்கு இழுப்பது. ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்து நிற்கும் ஸ்ட்ரெட்சிங்கை ஓடுவதற்கு முன் செய்ய வேண்டாம். தசையின் வெடிப்புத்திறன் அதனால் குறைகிறது. இரவு வீட்டில் டிவி பார்த்துக்கொண்டே அதைச் செய்யலாம்.

அடுத்து டிரில், அதாவது ஓட்டத்தின் அசைவுகளைத் தனித்தனியாகப் பழகுவது. மைதானங்களில் ஏ-ஸ்கிப், பி-ஸ்கிப் என்று சொல்வது போலந்தில் பயிற்சியாளராக இருந்து பிறகு கனடா சென்ற ஜெரார்ட் மாக் வகுத்த முறையிலிருந்து வந்தது. புதியவருக்கு மூன்று போதும்.

ஏ-மார்ச்: நடை. ஒரு முட்டி இடுப்பு உயரத்துக்கு வரும்போது, அந்தப் பாதத்தின் நுனி மேல்நோக்கி மடங்கியிருக்க வேண்டும். நிற்கும் கால் நேராக, இடுப்பு உயர்ந்து. 20 மீட்டர், இரண்டு முறை.

ஏ-ஸ்கிப்: அதையே துள்ளலோடு. கவனம் முட்டியைத் தூக்குவதில் அல்ல, காலை நேர் கீழே இடுப்புக்கடியில் இறக்கி அடிப்பதில். சரியாகச் செய்தால் 'டப், டப்' என்று கறாரான சத்தம் வரும். 'சரக்' என்று தேய்கிற சத்தம் வந்தால் பாதம் முன்னால் போய் விழுகிறது.

போகோ: இரண்டு காலும் சேர்த்து, முட்டியை அதிகம் மடக்காமல், கணுக்காலை மட்டும் வைத்துத் துள்ளல். உயரம் முக்கியமில்லை. தரையில் எவ்வளவு குறைவாக இருக்கிறீர்கள் என்பதே முக்கியம். 15 துள்ளல், இரண்டு முறை.

இந்த டிரில்களை முக்கால் மணி நேரம் செய்துவிட்டு, ஓடாமலே வீட்டுக்குப் போகிற குழுக்கள் உண்டு. அழகாக ஏ-ஸ்கிப் செய்கிறவர் வேகமாக ஓடுவார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பத்து நிமிடத்தில் முடியுங்கள்.

கடைசியாக மூன்று அல்லது நான்கு முறை 50 மீட்டர் ஸ்டிரைட், அதாவது முழு வேகத்துக்குப் போகாமல் தளர்வாக ஓடும் ஓட்டம்: முதலாவது பாதி வேகம், கடைசியானது 90 சதவீதம் (முதல் மூன்று வாரம் 85). இதில் ஏதாவது ஒன்றில் பின்தொடை இழுத்துப் பிடிப்பதுபோலத் தோன்றினால், அன்றைக்கு வேக ஓட்டம் கிடையாது. வீட்டுக்குப் போங்கள்.

குட்டித் தடைகள்

வேகமாக ஓடும்போது பாதம் உடம்புக்கு வெகு முன்னால் போய் விழுவதுதான் புதியவர்களின் முதல் நோய். நீளமாக எட்டு வைத்தால் வேகம் வரும் என்று நம்பி காலை நீட்டுகிறார்கள். முன்னால் விழுகிற ஒவ்வொரு பாதமும் ஒரு பிரேக். வாயால் சொல்லித் திருத்துவது கடினம். தடை வைத்துத் திருத்துவது எளிது.

அரை அடி உயரத்துக்குள் இருக்கும் குட்டி ஹர்டில் எட்டு அல்லது பத்து வேண்டும். இல்லாவிட்டால் தட்டையான கோன், நசுக்கிய தண்ணீர் பாட்டில், ஒடித்த குச்சி எதுவானாலும் சரி, மிதித்தால் கால் இடறாமல் இருந்தால் போதும். 15 மீட்டர் ஓடி வந்து வேகம் பிடித்த இடத்தில் முதல் தடையை வையுங்கள். ஆண்கள் இடைவெளியை 1.50 மீட்டரில் தொடங்கி, ஒவ்வொரு தடைக்கும் சில சென்டிமீட்டர் கூட்டி 1.80 வரை கொண்டுபோகலாம். பெண்களும் உயரம் குறைந்தவர்களும் 1.35-இல் தொடங்கி 1.65 வரை. இவை தொடக்கக் கணக்குதான். தடைக்கு எட்டுவதற்காகக் காலை நீட்ட வேண்டியிருந்தால் இடைவெளி அதிகம், நெருக்குகிற உணர்வு வந்தால் குறைவு.

தடையைத் தாண்டுவதாக நினைக்காதீர்கள். தடைக்கு மேல் முட்டியைக் கொண்டுவந்து, தாண்டியவுடன் பாதத்தைக் கீழே போடுங்கள். நாலு முறை, இடையில் மூன்று நிமிடம். இரண்டு வாரத்தில் ஓட்டத்தின் உருவமே மாறுவதைப் பார்க்கலாம்.

ஃப்ளையிங் ரன்: இதுதான் மையம்

மூன்று கோன் வையுங்கள். முதல் கோனிலிருந்து நின்ற நிலையில் கிளம்பி, மெல்ல மெல்ல வேகம் ஏற்றுகிறீர்கள். இரண்டாவது கோனை அடையும்போது முழு வேகம் வந்திருக்க வேண்டும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே உள்ள தூரம்தான் ஃப்ளை. அதை மட்டும்தான் அளக்கிறோம்.

ஏற்றும் தூரத்தில் அவசரம் வேண்டாம். முதல் அடியிலேயே வெடித்துக் கிளம்பினால், ஃப்ளைக்கு வரும்போது சரக்கு தீர்ந்திருக்கும்.

ஃப்ளைக்குள் நுழைந்ததும் புதியவர் செய்கிற தவறு, 'இப்போதுதான் முழு மூச்சு' என்று பல்லைக் கடிப்பது. தாடை இறுகினால் கழுத்து இறுகும், தோள் காதருகே ஏறும், கை குறுகும், கால் அதோடு சேர்ந்து குறுகும். உள்ளே நுழையும்போது மனதில் ஒரே ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள். 'உயரம்' என்பது பலருக்கு வேலை செய்கிறது. இடுப்பை உயர்த்தி, நெஞ்சு நிமிர்ந்து, பார்வை தூரத்தில், கன்னம் தளர்ந்து ஆடும்படி. ஒரே ஓட்டத்தில் ஐந்து விஷயத்தை நினைத்தால் எதுவும் நடக்காது.

மூன்றாவது கோனைத் தாண்டியதும் சட்டென்று நிற்காதீர்கள். 30 மீட்டர் எடுத்து அலுங்காமல் வேகத்தை இறக்குங்கள். நன்றாக ஓடிவிட்டு, நிற்கிற இடத்தில் தசையைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு.

இனி ஓய்வு. ஓடிய ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு நிமிடம் என்பது பயிற்சியாளர்களிடையே புழங்கும் கணக்கு. 25 மீட்டர் ஏற்றி 20 மீட்டர் ஃப்ளை ஓடினால் மொத்தம் 45, ஆக ஐந்து நிமிடம். இரண்டு நிமிடத்திலேயே மூச்சு சீராகிவிடும், 'ரெடி' என்று தோன்றும். அந்த நினைப்பை நம்பாதீர்கள். இந்த வேகத்துக்குத் தசை செலவழிக்கும் உடனடி எரிபொருளான கிரியாட்டின் பாஸ்பேட் திரும்ப நிறைய இன்னும் சில நிமிடம் வேண்டும். நடந்துகொண்டிருங்கள், நிழலில் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். போனை மட்டும் நோண்ட வேண்டாம், ஐந்து நிமிடம் இருபதாகிவிடும், உடம்பும் ஆறிப்போகும்.

எப்போது நிறுத்துவது? இதற்கு ஒரு விதி வைத்துக்கொள்வது நல்லது. அன்றைய சிறந்த நேரத்தைவிட 3 சதவீதம் மெதுவாக ஓடினால் அன்றைய வேலை முடிந்தது. 20 மீட்டரை 2.20-இல் ஓடிய நாளில் 2.27 வந்தால் மூட்டை கட்டலாம். இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறதே என்று ஓடினால், மெதுவாக ஓடப் பழகுகிறீர்கள்.

அளப்பது

கையால் ஸ்டாப்வாட்ச் அழுத்தி இதை அளக்க முடியாது. அழுத்துகிறவரின் விரல் தாமதம் எளிதாக 0.1, 0.2 விநாடி வரும். 2.20 விநாடி ஓட்டத்தில் 0.2 என்பது கிட்டத்தட்ட பத்து சதவீதம். உங்கள் மூன்று மாத முன்னேற்றமே அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

போன் கேமரா போதும். பல போன்களில் ஸ்லோ மோஷன் விநாடிக்கு 240 படம் வரை எடுக்கும். ஃப்ளையின் நடுப்புள்ளிக்கு நேரே, ட்ராக்கிலிருந்து 15, 20 மீட்டர் தள்ளி, போனை முக்காலியிலோ செங்கல் மேலோ அசையாமல் வையுங்கள். இரண்டு கோனுக்குப் பதில் இரண்டு கம்பு நட்டால் நல்லது. இடுப்பு முதல் கம்பை மறைக்கும் படத்திலிருந்து இரண்டாவது கம்பை மறைக்கும் படம் வரை எண்ணி 240-ஆல் வகுத்தால் நேரம் கிடைக்கும். 528 படம் என்றால் 2.20 விநாடி. எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை, வீடியோவைப் படம்படமாக நகர்த்திக் காட்டும் செயலிகள் நேரத்தையே சொல்லிவிடும்.

கேமரா சாய்வாகப் பார்ப்பதால் அந்த எண்ணில் ஒரு சிறு பிழை இருக்கும். போனையும் கம்பையும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வைத்தால் பிழையும் அதே அளவில் இருக்கும். போன மாதத்து உங்களோடு இந்த மாதத்து உங்களை ஒப்பிட அது போதும். பக்கத்து ஊர்க்காரரின் நேரத்தோடு ஒப்பிடக் கூடாது, அவ்வளவுதான்.

அதே வீடியோவில் இன்னும் இரண்டு விஷயம் பார்க்கலாம். பாதம் தரையைத் தொட்ட படத்தில் நிறுத்துங்கள். பின்னால் இருந்து வரும் காலின் முட்டி, ஊன்றிய காலின் முட்டிக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். இன்னும் வெகு பின்னால் தொங்கிக்கொண்டிருந்தால், கால் பின்பக்கமாகச் சுழன்று நேரத்தை வீணாக்குகிறது. குட்டித் தடைகளை விட்டுவிடாதீர்கள். இரண்டாவது, பாதம் தொட்ட படத்திலிருந்து கிளம்பிய படம் வரை எண்ணுங்கள். 30 படம் என்றால் 0.125 விநாடி, 24 என்றால் 0.10. இந்த எண் மாதக்கணக்கில்தான் மெல்ல இறங்கும்.

வாரத்தை எப்படி அடுக்குவது

கனடாவின் ஸ்பிரிண்ட் பயிற்சியாளர் சார்லி ஃபிரான்சிஸ் ஒரு எளிய பிரிவினை வைத்திருந்தார். ஓட்டம் ஒன்று 95 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், அல்லது 75-க்குக் கீழ். நடுவில் உள்ளது வேகத்தைக் கூட்டும் அளவுக்கு வேகமும் இல்லை, உடம்பு தேறும் அளவுக்கு மெதுவும் இல்லை. அவரிடம் பயின்ற பென் ஜான்சன் 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஊக்கமருந்துக்காகப் பதக்கம் இழந்தார், மருந்து கொடுத்ததை ஃபிரான்சிஸே விசாரணையில் ஒப்புக்கொண்டார். அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் இந்தப் பிரிவினை மருந்தில்லாதவருக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும் என்பது என் எண்ணம், ஏனென்றால் அவர் உடம்பு தேறவே அதிக நேரம் எடுக்கும்.

ஆக வாரத்தில் வேக நாள் இரண்டுதான். இடையில் குறைந்தது 48 மணி நேரம். செவ்வாய் ஃப்ளையிங் ரன். வெள்ளி குட்டித் தடையும், நின்ற நிலையிலிருந்து 20, 30 மீட்டர் வேகம் பிடிக்கும் ஓட்டம் ஐந்தாறும். வியாழனும் ஞாயிறும் முழு ஓய்வு. திங்கள், புதன், சனி புல்லில் நிதானமாக எட்டு, பத்து முறை 100 மீட்டர், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில். அல்லது ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் குற்றமில்லை. எடைப் பயிற்சி செய்கிறவர்கள் அதை வேக நாளிலேயே, ஓட்டம் முடிந்த பிறகு செய்யுங்கள். அப்போதுதான் ஓய்வு நாள் ஓய்வாக இருக்கும்.

12 வாரத்தில் செவ்வாய்க்கிழமைகள் இப்படி:

1 முதல் 3-ஆம் வாரம்: ஃப்ளை இல்லை. 60 மீட்டர் ஸ்டிரைட் நாலைந்து முறை, 70-இல் தொடங்கி 85 சதவீதம் வரை. தடைகள் நாலு முறை. வெள்ளிக்கிழமை ஓட்டமும் இந்த மூன்று வாரம் 85 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்.

4 முதல் 6 வரை: 20 மீட்டர் ஏற்றி 10 மீட்டர் ஃப்ளை. நான்காம் வாரம் மூன்று முறை, ஐந்தாம் வாரம் ஐந்து முறை, ஆறாம் வாரம் மறுபடி மூன்று. அந்த இறக்கம் வேண்டுமென்றே வைத்தது, உடம்பு அங்கேதான் பயிற்சியை உள்வாங்கும்.

7 முதல் 9 வரை: 25 மீட்டர் ஏற்றி 20 மீட்டர் ஃப்ளை, மூன்று அல்லது நான்கு முறை. ஸ்பைக்ஸை இங்கே அறிமுகப்படுத்தலாம், முதலில் கடைசி ஒரு ஓட்டத்துக்கு மட்டும். ஒன்பதாம் வாரம் இரண்டு முறையோடு நிறுத்துங்கள்.

10, 11: 30 ஏற்றி 20 ஃப்ளை மூன்று முறை. முடிந்தால் பதினோராம் வாரம் கடைசி ஓட்டத்தை மட்டும் 30 மீட்டர் ஃப்ளையாக நீட்டுங்கள்.

12: செவ்வாய் லேசான ஸ்டிரைட் மட்டும். வெள்ளி சோதனை.

பின்தொடை

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்பிரிண்டை விட்டுப் போகிறவர்களில் பலர் இதனால்தான் போகிறார்கள். உச்ச வேகத்தில் கால் முன்னால் வீசி, பாதம் தரையைத் தொடப் போகும் தறுவாயில், பின்தொடைத் தசை நீண்டபடியே அந்த வீச்சைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. பெரும்பாலான கிழிசல் அங்கேதான். மெதுவாக ஓடும்போது இந்தச் சுமை தசைக்கு வருவதே இல்லை. அதனால்தான் மாதக்கணக்கில் ரவுண்டு அடித்துவிட்டு, போட்டியன்று முதன்முறையாக முழு வேகத்தில் ஓடுகிறவர் அறுபதாவது மீட்டரில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். வாரந்தோறும் கொஞ்சமாக முழு வேகத்தைத் தசைக்குக் காட்டுவதே நல்ல பாதுகாப்பு.

கூடவே நார்டிக். முழங்காலிட்டு நில்லுங்கள், நண்பர் ஒருவர் உங்கள் கணுக்காலை அழுத்திப் பிடிக்கட்டும். முட்டியிலிருந்து தலை வரை உடம்பை நேராக வைத்தபடி, முடிந்தவரை மெதுவாக முன்னால் சாயுங்கள், தாங்க முடியாத இடத்தில் கையால் தரையைத் தாங்குங்கள். முதல் இரண்டு வாரம் வாரம் ஒருமுறை, நாலு நாலாக இரண்டு செட், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். மறுநாள் படி இறங்கும்போது தெரியும். வெள்ளிக்கிழமை ஓட்டம் முடிந்த பிறகு செய்தால் செவ்வாய்க்குள் வலி அடங்கிவிடும். இதனோடு ஒற்றைக்காலில் கெண்டைக்கால் தூக்கல் 12 வீதம் மூன்று செட்.

ஓடும்போது சுருக்கென்று குத்தினால் அந்த அடியிலேயே ஓட்டத்தைத் தளர்த்துங்கள். 'இன்னும் ஒன்று ஓடிப் பார்க்கிறேன்' வேண்டாம். அன்று மாலையே எண்ணெய் போட்டு அழுத்தி நீவிவிடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. கிழிந்த தசையை முதல் சில நாட்களில் நீவினால் உள்ளே இரத்தக்கசிவு கூடும். துணியில் சுற்றிய ஐஸ், ஓய்வு, நடக்கவே வலித்தால் மருத்துவர்.

வாங்க வேண்டாதவை

இடுப்பில் கட்டும் பாராசூட், கணுக்காலில் கட்டும் எடை, தரையில் விரிக்கும் ஏணி. பாராசூட்டால் கெடுதல் பெரிதாக இல்லை, முதல் வருடத்தில் தேவையும் இல்லை. கணுக்கால் எடை காலின் வீச்சையே மாற்றிவிடும், தவிர்க்கவும். ஏணியில் தடதடவென்று காலாட்டுவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அங்கே யாரும் தரையைப் பலமாக அடிப்பதில்லை. அந்தக் காசில் நல்ல ஸ்பைக்ஸும் 30 மீட்டர் அளவு நாடாவும் வாங்குங்கள். சரிவில் இறங்கி ஓடுவதும் இப்போதைக்கு வேண்டாம், பாதம் முன்னால் விழும் நோயை அது இன்னும் வளர்க்கும்.

சோதனை நாள்

வழக்கமான வார்ம்-அப், வழக்கமான திசை, போன் அதே இடத்தில். 30 மீட்டர் ஏற்றி 20 மீட்டர் ஃப்ளை, மூன்று முறை, இடையில் ஏழு நிமிடம். சிறந்ததை நோட்டில் எழுதுங்கள். ஏழாம் வாரத்தில் முதன்முதலாக எடுத்த 20 மீட்டர் நேரத்தோடு வைத்துப் பாருங்கள், ஆனால் ஏற்றும் தூரம் ஐந்து மீட்டர் கூடியிருப்பதையும் மனதில் வையுங்கள். 2.30 இருந்தது 2.24 ஆகியிருந்தால் விநாடிக்கு 8.70 மீட்டர் 8.93 ஆகியிருக்கிறது, நல்ல அறுவடை. அப்படியே நின்றிருந்தால் முதலில் தூக்கத்தையும் ஓய்வு நிமிடங்களையும் சந்தேகியுங்கள், ஓட்ட எண்ணிக்கையைக் கூட்டுவது கடைசி யோசனை. பெரும்பாலும் வாரத்தில் மூன்றாவது வேக நாள் ஒன்று, நண்பர்களோடு ஆடிய ஃபுட்பால் வடிவத்திலாவது, எங்கேயோ நுழைந்திருக்கும்.

சோதனைக்குப் பிறகு ஒரு வாரம் முழுதாக விடுங்கள். அடுத்த சுற்றைப் பத்து மீட்டர் ஃப்ளையிலிருந்தே மறுபடி தொடங்கலாம், இந்த முறை ஸ்டிரைட் வாரங்களை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைத்துக்கொண்டு.